காதலர் பிரிந்ததற்கு மகளுக்குக் கோபம், அம்மாவுக்குக் கண்ணீர்: ஏன்?

வெள்ளவத்தையில் அம்மாவோடு வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வெசாக் விடுமுறையில் அம்மாவும் மகளுமாக இருந்து ‘ட்வென்டி-ஃபைவ் ட்வென்டி-வன்’ என்ற கொரிய நாடகத்தை இரண்டே நாட்களில் பார்த்து முடித்திருக்கிறார்கள். கடைசியில் அதன் காதலர்களான வாள்சண்டை வீராங்கனை ஹீடோவும் செய்தியாளன் இஜினும் பிரிந்துவிடுகிறார்கள். மகளுக்கு வயது 24. ஒரு வாரமாகியும் கோபம் ஆறவில்லை, ஏமாற்றப்பட்டதுபோல் இருக்கிறது என்கிறார். 61 வயது அம்மாவோ நன்றாக அழுதுவிட்டு, “நல்ல முடிவுதான்” என்று சொல்லித் தேநீர் போடப் போய்விட்டாராம். யார் சொல்வது சரி, ஒரு நாடகத்துக்காக இத்தனை நாள் மனம் கனப்பது இயல்பா, இரண்டாம் பாகம் வருமா என்று மூன்று கேள்விகள். இரண்டாவது தடவை வாசித்தபோது, உண்மையில் கேட்கப்பட்டிருப்பது எழுதப்படாத நாலாவது கேள்வி என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே காட்சியைப் பார்த்த இரண்டு பேருக்கு எப்படி இரண்டு வேறு முடிவுகள் தெரிந்தன?

நான் கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசையின் நிகழ்ச்சிப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவள். மொழிமாற்று நாடகங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். மறுநாள் காலையில் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, வேறு எவரும் விரும்பாததால் என் மேசைக்கு வந்து சேர்ந்த வேலை. வசனம் எழுதியதைவிட அந்தத் தொலைபேசியில்தான் நாடகத்தைப் பற்றி அதிகம் படித்தேன். அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அழைப்பவர்கள் எல்லா நேயர்களுக்கும் பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள். மனம் நிறைந்தவர்கள் பேசாமல் படுக்கப் போய்விடுவார்கள். கொதித்தவர்களும் கலங்கியவர்களும்தான் எண்ணைத் தேடிப் பிடிப்பார்கள். ஆகவே என் அனுபவத்தை வைத்து ‘நேயர்கள் இப்படித்தான்’ என்று நான் சொல்லும் இடங்களில் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மனம் கனப்பது இயல்புதான். திரையில் அடிக்கடி காணும் ஒருவரை நாம் பழகிய மனிதராகவே உணர்கிறோம் என்பதை டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஒருபக்க உறவுதான், ஆனாலும் அது உறவு. ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடர் 2004இல் முடிந்தபோது கெரன் எயல், ஜொனதன் கோஹன் என்ற இருவர் 279 மாணவர்களிடம் கேட்டறிந்து, 2006இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பிடித்த பாத்திரத்தோடு இருந்த நெருக்கம் எவ்வளவோ, தொடர் முடிந்ததால் வந்த வருத்தமும் அவ்வளவு என்பதே அவர்கள் கண்டவற்றில் முதன்மையானது. தனிமை உணர்வுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. ஆனால் அவர்கள் அளந்தது தொடரை விட்டு நேயர் பிரியும் துயரத்தை. கதைக்குள் காதலர் ஒருவரை ஒருவர் பிரியும் துயரம் வேறு கணக்கு. உங்கள் விடயத்தில் இரண்டும் ஒரே இரவில் வந்திருக்கின்றன. இஜின் ஹீடோவை விட்டுப் போனான். அடுத்த சில நிமிடங்களில் இருவருமே உங்களை விட்டுப் போனார்கள். மேலெழுந்த கோபத்தில் எவ்வளவு எதற்குரியது என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்தால் அதில் வியப்பில்லை. நான் மருத்துவர் இல்லை. உறக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் அது நாடகத்தோடு நிற்கும் விடயம் ஆகாது; அப்போது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைப்பதே சரி. ஒரு வாரக் கோபத்துக்கு அதெல்லாம் தேவையில்லை.

இனி, தொலைபேசி எனக்குக் கற்றுத்தந்தது. நாடகத்தில் ஒருவர் இறந்தால் வரும் அழைப்புகளில் குரல் தணிந்திருக்கும். “அந்தப் பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டீர்களே” என்பார்கள், அழுவார்கள், வைத்துவிடுவார்கள். காதலர் பிரிந்தால் அப்படியிருக்காது. அழைப்பவர்கள் வழக்காடுவார்கள். பிரிவு என்றாலே வழக்கு என்றும் இல்லை. தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகவோ, நோய்க்காகவோ, போருக்காகவோ பிரிந்தவர்களுக்கு மரணத்துக்குரிய மரியாதை கிடைக்கும். யாரோ ஒளித்துவைத்த கடிதத்தால், பாதி கேட்ட பேச்சால், வேறொரு பெண்ணோடு நின்றதைத் தூரத்தில் கண்டதால் பிரிந்தால் மறுநாள் காலையில் என் காது சுடும். “ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தால் முடிந்திருக்குமே” என்ற வசனத்தை எத்தனையோ குரல்களில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னதன் உள்ளடக்கம் ஒன்றுதான்: இவர்களை வாழ்க்கை பிரிக்கவில்லை, எழுதியவர் பிரித்திருக்கிறார். நேயர் எத்தனை பெரிய துயரத்தையும் தாங்கிக்கொள்வார். அந்தத் துயரத்தில் எழுத்தாளரின் கை தெரிந்துவிட்டால்தான் மன்னிக்கமாட்டார்.

இந்த நாடகத்தில் அந்தக் கை தெரிகிறதா என்பதில்தான் உங்கள் வீட்டுப் பிணக்கே இருக்கிறது. காரணத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் அம்மாவின் பக்கம். ஹீடோவின் தாய் செய்தி வாசிப்பாளர்; கணவரின் இறுதிச் சடங்குக்கே வரமுடியாமல் செய்தியோடு நின்றவர். அந்தக் காத்திருப்பிலும் வெறுமையிலும் வளர்ந்த பெண் ஹீடோ. அவள் நேசிக்கும் இஜினும் அதே தொலைக்காட்சித் தொழிலுக்கே போகிறான். ஹீடோவின் தோழியும் சக வாள்சண்டை வீராங்கனையுமான யூரிம் குடும்பத்துக்காக ரஷ்யக் குடியுரிமை பெறும் செய்தியை, அவளுக்கு நண்பனாக இருந்துகொண்டே அவன் வெளியிட நேரும்போது, இந்தத் தொழில் அவனிடம் என்ன விலை கேட்கும் என்பதை நாடகம் காட்டிவிடுகிறது. பிறகு 2001 செப்டெம்பர் 11 தாக்குதல். நியூயோர்க்குக்குச் செல்கிறான், அங்கே காண்பவை அவனை உடைக்கின்றன, உடைந்ததை அவளிடம் சொல்லாமல் ஒளிக்கிறான். தாய்க்காகக் காத்திருந்தது போதாதென்று இவனுக்காகவும் காத்திருக்க ஹீடோவால் முடியவில்லை. இதில் ஒளித்துவைத்த கடிதம் இல்லை, பாதி கேட்ட பேச்சு இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பால் தீரக்கூடிய சிக்கலும் இல்லை; இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் தூரமாகிறார்கள். விதை முன்பகுதிகளிலேயே போடப்பட்டுவிட்டது.

ஆனால் கதையின் நியாயம் வேறு, சொன்ன விதத்தின் நியாயம் வேறு. அந்த இரண்டாவதில் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். பதினான்கு பகுதிகளுக்கு மேல் ஒருவரையொருவர் தேடி ஓடிய இருவரை ஏறக்குறைய கடைசி இரண்டு பகுதிகளுக்குள் பிரித்துவைத்தார்கள். பிரிவைத் தாங்கவேண்டிய நேரத்தை நமக்குத் தராமல் அடுத்த காட்சிக்கு ஓடிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, நேரலையில் ஹீடோவைப் பேட்டி காணும் செய்தி வாசிப்பாளராக இஜின், திருமண வாழ்த்துச் சொல்கிறான். ஒரு முழுப் பகுதியையே தாங்கக்கூடிய காட்சி அது. அவள் கணவரின் முகத்தையாவது காட்டியிருந்தால், நன்றாக வாழ்கிறாள் என்று நம்பி ஆறியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. முகமில்லாத கணவரை நேயர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

இன்னொரு பக்கம், நாடகம் உங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தந்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நாடகத்தின் இன்றைய காலத்தில் ஹீடோவின் பழைய நாட்குறிப்பைப் படிக்கும் அவள் மகளின் குடும்பப் பெயர் கிம். இஜினின் குடும்பப் பெயர் பெக். கொரியாவில் பிள்ளைகள் பெரும்பாலும் தகப்பனின் பெயரையே கொள்வார்கள். அங்கே இருந்த நேயர்களுக்கு இது தொடக்கத்திலேயே ஒரு முள்; அவர்கள் வாரக்கணக்கில் அதைப் பற்றி ஊகித்து, வாதாடி, தங்களைத் தயார்ப்படுத்திக்கொண்டார்கள். அந்தப் பெயர்களைத் தமிழ்க் காது பிரித்துக் கேட்பதில்லை. தயாராக வேண்டிய நேரமும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. 2022 பெப்ரவரி 12இல் தொடங்கி ஏப்ரல் 3 வரை, சனியும் ஞாயிறுமாக எட்டு வாரங்களில் ஒளிபரப்பான 16 பகுதிகளை நீங்கள் இரண்டு நாட்களில் பார்த்தீர்கள். எங்கள் அலைவரிசையில் திங்கள் முதல் வெள்ளி வரை அரைமணி நேரமாக ஓடிய நாடகங்களில் ஒரு பிரிவு முற்றுவதற்கே ஒரு மாதம் எடுக்கும். அந்த இழுவையை எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அயல் வீட்டோடு கதைத்து, பஸ்ஸில் கதைத்து, பாதிக் கவலையை நேயர் வழியிலேயே கரைத்துவிடுவார். நீங்கள் முழுவதையும் ஒரே மடக்கில் குடித்திருக்கிறீர்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். கடைசிப் பகுதி ஒளிபரப்பான அந்த 2022 ஏப்ரல் 3 ஞாயிற்றுக்கிழமை, பொருளாதார நெருக்கடிக்கு நடுவே, கொழும்பில் ஊரடங்கு. சமூக ஊடகங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டிருந்தன. அந்த வாரத்தில் ஒரு நாள் மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. இங்கே அந்த நாடகத்தைப் பின்தொடர்ந்தவர்கள் முடிவைப் பார்ப்பதற்குப் பெரும்பாடு பட்டிருப்பார்கள். எனக்கு அதைவிட உறுத்தியது கதையின் பின்னணிதான். 1997 நவம்பரில் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் கைநீட்டியது. அடுத்த ஆண்டில் நாடகம் தொடங்குகிறது. இஜினின் தகப்பனுடைய தொழில் முறிந்து குடும்பம் சிதறுகிறது. ஹீடோவின் பாடசாலையில் வாள்சண்டை அணியே கலைக்கப்படுகிறது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து இதைப் பார்த்தவர்களுக்கு அது கொரியாவாகத் தெரிந்திருக்காது. அந்த ஒரே ஆண்டில் இந்த நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களில் எத்தனை காதலர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விடைபெற்றார்கள் என்று எந்தப் பணியகமும் எண்ணியதில்லை.

அம்மாவின் கண்ணீருக்கு இப்போது வருகிறேன். பிரிவை ரசிக்கத் தமிழருக்குக் கொரியாக்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200உம் பாலைத் திணை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. காதலனோடு போய்விட்ட மகளை நினைத்துப் புலம்பும் தாயின் பாட்டும் அதற்குள்தான் வரும். எதற்காகப் பிரிவார்கள் என்பதற்கும் தொல்காப்பியம் பட்டியல் வைத்திருக்கிறது: கல்வி, பகை, தூது, பொருள். கொழும்புத் தமிழ்க் குடும்பம் எதையாவது எடுத்துப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்றுக்காக யாராவது போயிருப்பார்கள். இஜின் போனதைத் தூதில் சேர்க்கலாமா என்று புலவர்கள் சண்டை பிடிக்கட்டும். சங்கப் பாட்டில் போகிறவன் திரும்பி வரும் பருவத்தைச் சொல்லிவிட்டுப் போவான், தலைவி மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த நாடகத்தில் பருவம் சொல்லப்படுகிறது, மழையும் வருகிறது, மனிதர்கள் மாறிவிட்டதால் திரும்பி வருவதற்குப் பொருள் இல்லாமல் போகிறது. 61 வயதுக்காரருக்கு, இனக்கலவரம் வெடித்த 1983இல் இருபதை ஒட்டிய வயது. அந்தத் தலைமுறை, விடைபெறவே நேரமில்லாமல் போனவர்களையும், போன இடத்தில் வேறு ஆளாகிவிட்டவர்களையும் அறிந்தது. கப்பலில் போன அண்ணனாக இருக்கலாம், பாடசாலைத் தோழியாக இருக்கலாம். (தயவுசெய்து அம்மாவின் பழைய காதலனைத் தேடப் புறப்படாதீர்கள். என் அழைப்புகளில் அழுத பெண்கள் பலர் சகோதரர்களுக்காகவே அழுதார்கள்.) இஜின் குனிந்து அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு விடைபெறுகிறானே, அந்த நிதானமான விடைபெறுதலே உங்கள் அம்மாவுக்கு நல்ல முடிவாகப் பட்டிருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். அவரை நான் பார்த்ததில்லை.

சோகம் பார்த்து அழுதவர்கள் அதன்பின் ஏன் தெளிவாகிவிடுகிறார்கள் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. சில்வியா நொப்லோக்-வெஸ்டர்விக் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும், பிரிந்து போர்க்காலத்தில் இறந்துபோகும் காதலரின் திரைப்படம் ஒன்றை 361 மாணவர்களுக்குக் காட்டி, 2013இல் முடிவை எழுதினார்கள். படம் பார்த்துத் துயருற்றவர்கள் தங்கள் சொந்த உறவுகளை அதிகம் நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்கள் தங்கள் வாழ்க்கையைக் குறித்து மகிழ்ச்சி கூடியதாகச் சொன்னார்கள். தங்களைப் பற்றியே நினைத்தவர்களுக்கு அல்ல, தங்கள் மனிதரை நினைத்தவர்களுக்குத்தான் அந்த ஆறுதல். அம்மா ஒருவேளை அதைத்தான் செய்தார். நீங்கள் ஒரு வாரமாக ஹீடோவுக்காக வழக்குப் பேசுகிறீர்கள். ஆனால் அது அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளிடம், ஒரே ஒரு படத்தை வைத்துச் செய்த ஆய்வு. வெள்ளவத்தை அம்மாக்களுக்கு அதை அப்படியே பொருத்துவது என் ஊகம்.

இணையத்தில் இன்னொரு விளக்கமும் கிடைக்கும்: முடிக்கப்படாத காரியம் மனதில் நன்றாகத் தங்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் கண்டார், ஆகவே முடியாத காதல் உங்களை விடவில்லை என்பார்கள். இதை நான் நம்பித் தரமாட்டேன். அந்தச் சோதனையைப் பின்னர் திருப்பிச் செய்தவர்கள் பலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. போதாததற்கு அவர் ஆராய்ந்தது இடையில் நிறுத்தப்பட்ட சிறு வேலைகளை. உடைந்த காதலை அதில் கொண்டுபோய்ச் செருகுவது வசதிக்காகச் செய்வது. கொரியர்களுக்குச் சோக முடிவுதான் பிடிக்கும் என்ற பேச்சையும் தள்ளிவைக்கலாம். இந்த முடிவுக்கு அங்கேயும் நேயர்கள் கொதித்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்று இதற்குப் பொருந்தும். மொழிமாற்றுக்கு வரும் நாடகங்களில் இசையும் ஓசையும் மட்டும் ஒரு தடத்தில் தனியாக வரும். பேச்சை நாங்கள் ஏற்ற வேண்டும். உதடு தெரியும் இடத்தில் வசனம் உதட்டசைவுக்குக் கட்டுப்பட்டது. முதுகைக் காட்டி நடக்கும் இடத்தில் நாம் விரும்பியதைப் பேசவைக்கலாம். பிரிவுக் காட்சிகளில் எப்போதும் ஒருவர் முதுகைக் காட்டி நடப்பார் அல்லவா? “ஏதாவது ஆறுதலாக ஒரு வரி போடுங்கள், சனம் அழும்” என்று மேலிடம் சொல்லும். ஒரு தடவை மேலிடத்தின் சொற்படி, மூலத்தில் பேசாமல் நடந்துபோகும் நாயகனை “காத்திரு, வருவேன்” என்று சொல்லவைத்தோம். மறுநாள் அழைப்பு எதிலும் அழுகை இல்லை. எப்போது வருவான் என்று கேட்டார்கள். நாடகம் முடியும்வரை கேட்டார்கள். அவன் வராமலே கதை முடிந்தபோது வந்த கோபம், பிரிந்த அன்று வந்திருக்கவேண்டிய துயரத்தைப்போல் பல மடங்கு. மூலக் கதையில் அவன் எந்த வாக்கையும் உடைக்கவில்லை. எங்கள் தமிழில்தான் பொய்யனாகிப் போனான். அதன்பிறகு அப்படிப்பட்ட இடங்களில் நான் மௌனத்துக்காக வாதாடினேன்; சில தடவை வென்றேன்.

உங்கள் கோபத்தை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். இந்த நாடகம் உங்களுக்கு வாக்குக் கொடுத்ததா? தலைப்பைக் கவனித்தால் இல்லை என்பேன்: 25, 21 என்பவை அவர்கள் பிரிந்த காலத்து வயதுகள். ஒளிப்பதிவையும் பாடல்களையும் இருவரின் நடிப்பையும் கவனித்தால் ஆம் என்பேன். நடிகை கிம் டே-ரியும் நடிகர் நாம் ஜூ-ஹியுக்கும் ஓடிவந்து நிற்கும் ஒவ்வொரு காட்சியும் ‘இவர்கள் சேர்வார்கள்’ என்று சத்தியம் செய்கிறது. ஆகவே ஏமாற்றப்பட்டேன் என்று நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, நல்ல முடிவு என்று அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. நீங்கள் திரைக்கதையின் அவசரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவர் கதையைப் பற்றிப் பேசுகிறார். என் தீர்ப்பை வற்புறுத்திக் கேட்டால், பிரித்தது சரி, பிரித்த வேகம் பிழை. கோபம் தணிய வேண்டுமென்றால் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை விட்டுவிட்டு, நடுவில் ஹீடோவும் தாயும் இறந்துபோன தகப்பனைப் பற்றி மனம்விட்டுப் பேசும் இடத்தைப் பாருங்கள். பிரிவின் காரணம் அங்கேதான் கிடக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது அதைத் தாய்-மகள் கதை என்று நினைத்துக் கடந்திருப்பீர்கள்.

இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஹீடோவின் திருமணம், மகள், விளையாட்டிலிருந்து விலகிய பின்னான வாழ்க்கை எல்லாவற்றையும் முதல் பாகமே காட்டிவிட்டது. அவர்களைச் சேர்த்துவைக்க வேண்டுமானால் எழுதியவர் யாராவது ஒருவரைக் கொல்ல வேண்டும், அல்லது ஒரு குடும்பத்தை உடைக்க வேண்டும். அப்படி ஒன்று வந்து, அதற்கு மொழிமாற்று வசனம் எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டால், மறுநாள் காலைத் தொலைபேசிக்கு வேறு யாரையாவது போடச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன்.